விவாகரத்துக்குப் பிறகு கட்டுக்காவல், சந்திப்பு நாள், தாபரிப்புப் பணம்: கட்டளையை மாற்ற முடியுமா?

கேள்வி: 2019இல் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் எனக்கு விவாகரத்துக் கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் என் கட்டுக்காவலில், அதாவது என் பொறுப்பில். மாதத்தில் இரண்டாம், நாலாம் ஞாயிறு காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை தகப்பன் கூட்டிப்போகலாம். இருவருக்குமாக மாதம் 12,000 ரூபாய் தாபரிப்பு (பராமரிப்புப் பணம்). இப்போது மகளுக்கு 15 வயது, மகனுக்கு 10. அவர் கட்டாரில் இருந்து வந்து கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடை போட்டிருக்கிறார். ஏழு மாதமாகக் காசு தரவில்லை. எனக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. மகள் தகப்பனிடம் போகமாட்டேன் என்று நிற்கிறாள். காசு வராதபடியால் நானும் இரண்டு மாதமாகப் பிள்ளைகளை அனுப்பவில்லை. "தீர்ப்பு வந்தா வந்ததுதான், இனி ஒண்டும் செய்யேலாது" என்கிறார்கள். அப்படியா?

பதில்:

தங்கச்சி, அப்படிச் சொன்னவர்கள் காணி வழக்கை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். காணியென்றால் தீர்ப்பு வந்து எல்லைக்கல் நட்டதோடு கதை முடிந்தது. (யாழ்ப்பாணத்தில் அதுவும் முடிவதில்லை, அது வேறு கதை.) பிள்ளைகள் விஷயம் அப்படியில்லை. நாலு வயதுப் பையனுக்கென்று எழுதிய கட்டளை அவன் பத்து வயதாகும்போது பொருந்தாமல் போவது இயல்பு. சட்டம் எழுதியவர்களுக்கும் அது தெரியும்.

உங்கள் விவாகரத்து முடிந்த விஷயம்தான். இடைக்காலத் தீர்ப்பாணை வந்து மூன்று மாதம் கழித்து அறுதியானதாக ஆனபின் அதை யாரும் கிளற முடியாது. ஆனால் பிள்ளைகளின் கட்டுக்காவல், தாபரிப்பு, கல்வி பற்றிக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 619 முதல் 622 வரையான பிரிவுகள் பேசுகின்றன. விவாகரத்துக்குப் பிறகும் நீதிமன்றம் "காலத்துக்குக் காலம்" கட்டளை இடலாம் என்பது அவற்றின் சாரம். பிள்ளைக்கு 18 வயதாகும் வரை அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

அதற்காக நினைத்தபடி போய்த் தட்டவும் முடியாது. "2019இல் நீதிபதி பிழையாகத் தீர்த்தார்" என்பது மேன்முறையீட்டுக்குரிய கதை. அதற்கு அப்போதே 14 நாளுக்குள் அறிவித்தல் கொடுத்து, 60 நாளுக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கட்டளைக்குப் பிறகு என்ன மாறியது, அந்த மாற்றத்தால் பிள்ளைக்கு இப்போது என்ன தேவை. பழைய சண்டைகளை அவிழ்த்துக்கொட்டிய சத்தியக்கடதாசிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பத்துப் பக்கத்தில் எட்டுப் பக்கம் மாமியார் கதை. நீதிபதி கேட்பது மிச்ச இரண்டு பக்கத்தை.

உங்களுக்கு மாறியவை நாலு: இடமாற்றம், மகளின் மனம், காசின் மதிப்பு, அவருடைய வருமானம். முதல் இரண்டும்தான் சிக்கல்.

இடமாற்றத்தைப் பாருங்கள். கட்டுக்காவல் உங்களிடம் இருக்கிறபடியால் எங்கே குடியிருப்பது என்பதை நீங்களே முடிவுசெய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கையில் இன்னொரு கட்டளையும் இருக்கிறதே, மாதம் இரண்டு ஞாயிறு. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். காலை 9 மணிக்கு வந்து 5 மணிக்குத் திரும்பவிடும் சந்திப்பு அங்கே நடக்காது. ஆகவே பேசாமல் வீட்டை மாற்றினால் அந்தக் கட்டளையை நீங்கள் செயலால் முறித்ததாக ஆகும். என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் வவுனியாவுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் சேர்த்து, எல்லாம் முடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்தார். அவருக்குப் போக நியாயமான காரணம் இருந்தது. ஆனால் நாங்கள் கேட்கப் போனபோது மறுதரப்பு ஏற்கனவே நீதிமன்ற அவமதிப்பென்று மனுப் போட்டிருந்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டிய தவணைகள் எல்லாம் மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விட்டன.

ஆகவே முதலில் மனு, பிறகு லொறி. மனுவிலும் "எனக்கு இடமாற்றம், கூட்டிப்போக அனுமதி தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. தகப்பனுக்குக் குறைகிற நாளை எப்படி ஈடு செய்வீர்கள் என்று நீங்களே ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு போங்கள். உதாரணத்துக்கு, ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் பாதி அவருடன், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு கிழமை, இடையில் மாதம் ஒருமுறை அவர் கொழும்புக்கு வந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்று வைக்கலாம். ஒவ்வொரு இரவும் வீடியோ அழைப்பு இத்தனை மணிக்கு. ரயில் ரிக்கற் யார் செலவு, கோட்டை நிலையத்தில் பிள்ளையை யார் பொறுப்பெடுப்பது என்பதுவரை எழுதலாம். மாதம் 16 மணித்தியாலம் பார்த்த தகப்பனுக்கு வருடத்தில் தொடர்ச்சியாக முப்பது நாற்பது நாள் கிடைக்குமென்றால், பல நேரம் மறுதரப்புச் சட்டத்தரணியே "இணங்கிப்போகலாம்" என்பார். இருவரும் இணங்கினால் அதை நீதிமன்றத்தில் பதிந்து கட்டளையாக்கிக்கொள்ளுங்கள். வட்சப்பில் "ஓம், சரி" என்று அவர் போட்டது கட்டளையை மாற்றாது. பொலிசில் என்றி போட்டாலும் மாற்றாது. முறைப்பாடு ஒரு பதிவு, அவ்வளவுதான்.

மகளுக்கு 15 என்றீர்கள். அடுத்த வருடமோ அதற்கடுத்ததோ சாதாரண தரப் பரீட்சை. பரீட்சைக்கு முன் பள்ளிக்கூடம் மாற்றுவதை நீதிபதி விரும்பமாட்டார். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தமிழ்மொழிப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, ஆனால் பத்தாம் பதினோராம் வகுப்பில் இடம் எடுப்பது உங்களுக்கே தெரியும். "பரீட்சை முடியும்வரை மகளை என் அம்மாவுடன் விட்டுவிட்டு மகனோடு போகிறேன்" என்று யோசிப்பீர்களானால் ஒன்று சொல்லிவைக்கிறேன். தகப்பன் தரப்பில் வரும் முதல் கேள்வியே, "அம்மம்மாவிடம் விடலாமென்றால் அப்பாவிடம் ஏன் விடக்கூடாது?" என்பதாக இருக்கும்.

எங்கள் ஊரில் அம்மம்மா வளர்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே அது இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அந்த வழமைகளில், தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்யப் போனால் தாயின் தாய் பிள்ளைகளைப் பொறுப்பேற்பதும், தாயின் சொத்தைத் தகப்பன் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுப்பதும் சொல்லப்படுகிறது. ஆனால் உங்கள் வழக்கைத் தீர்ப்பது அதுவல்ல. கட்டுக்காவலில் எங்கள் நீதிமன்றங்கள் நிற்பது ரோமன் டச்சுச் சட்டத்தில். அங்கே பெற்றவருக்கும் மற்றவருக்கும் இடையில் போட்டி வந்தால் பெற்றவர் பக்கமே முதலில் சாயும், வலுவான காரணம் காட்டினால்தான் மாறும். பழைய தீர்ப்புகளில் தகப்பனுக்கு இருந்த முன்னுரிமை காலப்போக்கில் தேய்ந்து, பிள்ளையின் நலனே முன்னால் வந்துவிட்டது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சமவாயச் சட்டம், பிள்ளை சம்பந்தமான எந்த விடயத்திலும் பிள்ளையின் நலனே தலையாயது என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆகவே "அம்மம்மா வீடு" என்பதற்கு நீங்கள் காட்ட வேண்டிய காரணம் பாசமல்ல. அதே பள்ளிக்கூடம், அதே ரியூசன், அதே அறை, பரீட்சைவரை இத்தனை மாதம் என்று கணக்காகக் காட்டுங்கள். என்னைக் கேட்டால், வேலைத்தலத்தில் பேசி இடமாற்றத்தையே பரீட்சை முடியும்வரை தள்ளிப்போட முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்படிக் கேட்டு எழுதிய கடிதமும், அவர்கள் மறுத்தால் அந்தப் பதிலும் உங்கள் மனுவுக்கு நல்ல இணைப்புகள்.

இனி மகளின் மனம். பதினைந்து வயதுப் பிள்ளையின் சொல்லுக்குக் கனம் உண்டு. நீதிபதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உங்கள் இருவரையும் வெளியில் நிறுத்திவிட்டுப் பேசக்கூடும். நீதிமன்றத்தின் குடும்ப ஆலோசகரோ நன்னடத்தை உத்தியோகத்தரோ வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுக்கவும் கூடும். ஆனால் பிள்ளையின் விருப்பம் ஒரு காரணி மட்டும்தான். அதுவே முடிவாகிவிடாது. "ஏன்" என்பதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை ரியூசன் விட்டுப்போகிறது என்பதா? கிளிநொச்சிக் கடையில் நாள் முழுக்கச் சும்மா இருக்க வேண்டியிருக்கிறதா? அங்கே வேறொரு பெண் வந்துவிட்டாரா? இவை நேரத்தையும் இடத்தையும் மாற்றித் தீர்க்கக்கூடியவை. சந்திப்பை யாழ்ப்பாணத்திலேயே வைக்கச் சொல்லிக் கேட்கலாம், மகனுக்கு ஒரு அட்டவணை, மகளுக்கு ஒன்று என்று வேறாக்கவும் கேட்கலாம். நீங்கள் சொல்லிக்கொடுத்துத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்று தெரிந்தாலோ, அது உங்களுக்கே பாதகம். பிள்ளைகள் பெரியவர்களின் வசனத்தை ஒப்பித்தால் அனுபவமுள்ள நீதிபதிக்கு இரண்டாம் வரியிலேயே விளங்கிவிடும்.

பயம்தான் காரணமென்றால், அடி, தொடுகை, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால், மேலே சொன்ன எதையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், பொலிசின் சிறுவர் பெண்கள் பிரிவில் முறையிடுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை விரைவில் கிடைக்கும், இறுதிக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். அதைப் பெற்றுக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் சந்திப்பைக் கண்காணிப்போடு மட்டும் வைக்கும்படி கேட்பது அடுத்த படி. ஆனால் இல்லாத பயத்தை இருப்பதாக எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது உடைந்தால் உண்மையான காரணங்களையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போய்விடும்.

காசுக்கு வருவோம். உங்கள் வழக்கிலேயே மாவட்ட நீதிமன்றம் தாபரிப்பைத் தீர்மானித்ததா, அல்லது அதற்கு வேறாக நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்கு நடந்ததா என்று கடதாசியை எடுத்துப் பாருங்கள். எந்த நீதிமன்றம் கட்டளையிட்டதோ அங்கேதான் மாற்றவும் கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் இரட்டைத் தாபரிப்பு வாங்க முடியாது. நீதவான் நீதிமன்றக் கட்டளையென்றால் அது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் வரும். சூழ்நிலை மாறியதை நிரூபித்தால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் கட்டளையை நீக்கவும் நீதவானால் முடியும். பெறுபவரும் கேட்கலாம், கொடுப்பவரும் கேட்கலாம்.

12,000 ரூபாய் 2019இல் என்ன வாங்கியது, இப்போது என்ன வாங்குகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஒரு வருடத்துக்குள் டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. இவை நீதிமன்றமும் அறிந்த பொதுவான உண்மைகள். ஆனால் "எல்லாம் விலை கூடிவிட்டது" என்று சொன்னால் அவருக்கும்தானே கூடியது என்பார்கள். பிள்ளைக்கென்று வரவேண்டும் கணக்கு. மகளின் ரியூசன் பற்றுச்சீட்டு, பஸ் காசு, மகனின் சப்பாத்து, கண்ணாடி, பல் வைத்தியம் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவருடைய வருமானத்தைக் காட்ட, கடையின் வியாபாரப் பெயர் பதிவு, கடைக்கு முன்னால் நிற்கும் வாகனம், முகநூலில் அவரே போட்ட திறப்புவிழாப் படம் போதும். சம்பளக்காரர் அல்லாதபடியால் சம்பளத்தில் கழிக்கக் கட்டளை கேட்க இடமில்லை. உங்கள் சம்பளத்தையும் நீதிமன்றம் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம். பிள்ளையைத் தாபரிக்கும் கடமை இருவருக்கும் உரியது, அவரவர் வசதிக்கேற்றபடி.

ஏழு மாத நிலுவை 84,000 ரூபாய், தொகையைக் கூட்டும் மனுவோடு சேர்த்துக் குழப்பக்கூடாத வேறு விஷயம். அது ஏற்கனவே உங்களுக்குச் சேர வேண்டியது. தாபரிப்புச் சட்டத்தின் கீழான கட்டளை என்றால் அறவிடுவதற்குப் பிடியாணை எடுக்கலாம். அப்படியும் கட்டாவிட்டால் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. மாவட்ட நீதிமன்றக் கட்டளை என்றால் தீர்ப்பாணையை நிறைவேற்றும் வழியில் போக வேண்டும். காசு எப்போதும் வங்கிக் கணக்கிலோ நீதிமன்றத்திலோ வரட்டும். கடையில் வைத்துக் கையில் தந்தால் தந்ததற்கும் தராததற்கும் சாட்சியில்லை.

இதை வாசிக்கும் தகப்பன்மாருக்கும் ஒன்று. வேலை போனால், நோய் வந்தால், காசை நிறுத்திவிட்டு அழைப்பாணை வரும்வரை இருக்காதீர்கள். வருமானம் குறைந்த மாதமே மனுப் போடுங்கள். இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு "கட்ட வழியில்லாமல் இருந்தது" என்றால் சேர்ந்த நிலுவை தானாகக் கரையாது. மறுமணமும் தன்பாட்டில் ஒரு விலக்கல்ல.

உங்கள் மகளுக்கு 18 ஆனதும் எல்லாம் முடிந்ததென்று அவர் நினைக்கக்கூடும். கட்டுக்காவல் முடியும், தாபரிப்பு அப்படியே முடிவதில்லை. 18க்கும் 25க்கும் இடைப்பட்ட பிள்ளை, தன்னைத் தாபரிக்க முடியாத நிலையில், தானே பெற்றாரிடம் தாபரிப்புக் கேட்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம். காசு வராதபடியால் பிள்ளைகளை அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த ஞாயிற்றோடு நிறுத்துங்கள். காசு ஒரு கட்டளை, சந்திப்பு ஒரு கட்டளை. அவர் ஒன்றை மீறியது உங்களுக்கு மற்றதை மீற அனுமதியல்ல. உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் நீதிமன்றத்தில் ஏறும்போது மீறியவர் இருவர் என்று ஆகிவிடுகிறது. மகனையாவது அடுத்த சந்திப்பு ஞாயிறு தவறாமல் அனுப்புங்கள். மகள் மறுத்தால், அவளைத் தயாராக்கி வாசல்வரை கொண்டுவந்தேன், அவளே போக மறுத்தாள் என்பதை அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியாக அவருக்கு அனுப்பி வையுங்கள். மரியாதையாக எழுதுங்கள். அந்தச் செய்தியை ஒருநாள் நீதிபதி வாசிப்பார்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்கள் பலர் என்று தெரியும். பிள்ளையைக் கடல்கடந்து கூட்டிப்போவது கொழும்புக்குப் போவதைப் போன்றதல்ல. சர்வதேசச் சிறுவர் கடத்தலின் குடியியல் அம்சங்கள் பற்றிய 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மற்றப் பெற்றாரின் உரிமையை மீறி நாடு மாற்றினால், இதுபற்றிய ஹேக் உடன்படிக்கை பொருந்தும் நாடுகளுக்கிடையில் திருப்பி அனுப்பும்படி கேட்கலாம். அந்த வழக்கு யாழ்ப்பாணத்தில் நடக்காது, கொழும்பில் மேல்மாகாண மேல்நீதிமன்றத்தில் நடக்கும். "லீவுக்கு வந்தனாங்கள், இனிப் போகேல்லை" என்ற பேச்சுக்குள் எத்தனை சட்டம் ஒளிந்திருக்கிறது என்று இங்கே வந்திறங்கும்போது யோசிப்பவர் குறைவு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பழைய வழக்கு இலக்கத்தோடு பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் தீர்ப்பாணையினதும் இணக்க நிபந்தனைகள் ஏதும் இருந்தால் அவற்றினதும் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுங்கள். புதிய வழக்குத் தேவையில்லை, அதே வழக்கில் மனுவும் சத்தியக்கடதாசியும் போடுவீர்கள், அவருக்கு அறிவித்தல் போகும், ஆட்சேபனை வரும், பிறகு விசாரணை. அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள், கிராம சேவையாளரிடம் வருமானக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. இடமாற்றக் கடிதத்தில் பொறுப்பேற்கும் திகதி போட்டிருக்கும், அதை முதல் நாளே சட்டத்தரணியிடம் காட்டுங்கள், தவணை கேட்பதே அதைப் பார்த்துத்தான். கட்டளை கையில் வரும்வரை பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டாம். அதிபர் முதலில் தொலைபேசி எடுப்பது தகப்பனுக்குத்தான்.